எருமைத் தயிரின் லக்டோபசிலஸ்: ஒரே கலங்களில் இரண்டு முறைகள் ஏன் இரண்டு கொழுப்பமில விடைகளைத் தருகின்றன?

தெமட்டகொடை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் பட்டப்பின் படிப்புக்கான ஆய்வைச் செய்துவருகிறேன். மண்சட்டியில் விற்கப்படும் எருமைத் தயிரிலிருந்து பிரித்தெடுத்த லக்டோபசிலஸ் வகைகளின் கொழுப்பமிலங்களைப் பகுப்பதே வேலை. லக்டோபசிலஸ்களை வளர்க்கும் எம்.ஆர்.எஸ். திரவ ஊடகத்தில் 37 பாகை செல்சியஸில் ஓர் இரவு வளர்த்த கலங்களை மையநீக்கியில் சேகரித்து, உறைய வைத்து உலர்த்தி, இரண்டு பங்காகப் பிரித்தேன். கொழுப்பமிலங்களை மெதைல் எசுத்தர்களாக மாற்றுவதற்காக ஒரு பங்கை 14 சதவீதப் போரோன் முப்புளோரைட்டு கலந்த மெதனோலில் 100 பாகையில் சூடாக்கினேன். அதே மாற்றத்துக்காக மற்றப் பங்கைச் சோடியம் மெதொட்சைட்டு சேர்த்த மெதனோலில் வைத்தேன். இரண்டையும் எக்சேனில் பிரித்தெடுத்து, வாயு நிறப்பகுப்பியல் கருவியில் சுவாலை அயனாக்கக் கண்டறிவானுடன் ஓட்டினேன்.

முதல் முறையில் 18:1 (18 காபன்களும் ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட அமிலம்) மிகப் பெரிய உச்சியாகவும், 19 காபன்கள் கொண்ட சைக்குளோபுரோப்பேன் அமிலம் சிறியதாகவும் வந்தன. வரைபின் பிற்பகுதியில் நியமக் கலவையில் இல்லாத சில உச்சிகளும் இருந்தன. இரண்டாம் முறையில் அந்த அறியாத உச்சிகள் இல்லை, சைக்குளோபுரோப்பேன் உச்சி வளர்ந்திருந்தது, ஆனால் மொத்த விளைவு குறைந்துவிட்டது. எந்த முறையை நம்பிப் பட்டியல் தயாரிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வெள்ளவத்தை இரசாயனவியலாளர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். உங்கள் இரண்டு வரைபுகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. சைக்குளோபுரோப்பேன் என்பது மூன்று காபன்கள் இறுக்கி மூடிய வளையம். வலிய அமில ஊக்கியும் வெப்பமும் சேர்ந்தால் அது திறந்துகொள்ளும். திறந்த இடத்தில் மெதனோல் சேர்வதால் மெதொட்சி எசுத்தர்கள் உண்டாகின்றன. அவை சாதாரண மெதைல் எசுத்தர்களைவிட முனைவுத்தன்மை கூடியவை, திணிவும் கூடியவை. ஆகவே பிந்தி வெளியேறுகின்றன. உங்களுடைய அறியாத பிற்பகுதி உச்சிகள் பெரும்பாலும் இவையே. போரோன் முப்புளோரைட்டு முறையை 1964இல் மொரிசனும் சிமித்தும் விரிவாக எழுதிய பின்னர் அது உலகெங்கும் பரவியது. தாவர எண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் அது நல்ல முறைதான். வளையமுள்ள பற்றீரியாக் கொழுப்புக்கு, அதுவும் நாட்பட்ட போத்தலில் இருந்து எடுத்த கரைசலைக் கொண்டு, 100 பாகையில் அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

மெதொட்சைட்டு வளையத்தைத் தொடாது. ஆனால் அது எசுத்தராகப் பிணைந்திருக்கும் கொழுப்பமிலத்தை மட்டுமே மெதைல் எசுத்தராக மாற்றும். தனித்திருக்கும் அமிலத்தை அப்படியே விட்டுவிடும். அமைட்டுப் பிணைப்பில் இருப்பதையும் அது அசைக்காது. உங்கள் நுண்ணுயிர் கிராம் நேர் வகை என்பதால் இந்த இரண்டாவது குறை உங்களைப் பாதிக்காது. ஈ. கோலை போன்ற ஒன்றை எடுத்திருந்தால், கிராம் மறை வகைகளின் வெளிமென்சவ்விலுள்ள இலிப்பிட்டு ஏ-யில் அமைட்டாகப் பிணைந்திருக்கும் 3-ஐதரொட்சி 14:0 வரைபில் குறைந்திருக்கும், நீங்கள் அதைக் கவனித்திருக்கவும் மாட்டீர்கள்.

மொத்த விளைவு குறைந்ததற்கு நீரே காரணம் என்று சந்தேகிக்கிறேன். கொழும்பின் காற்றில் மெதொட்சைட்டுப் போத்தலைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி ஐதரொட்சைட்டாக மாறும். அது எசுத்தரை மெதைல் எசுத்தராக மாற்றாமல் சவர்க்காரமாக்கிவிடும். சவர்க்காரம் எக்சேனுக்குள் வராது. இதைச் சோதிப்பது எளிது: எக்சேனை எடுத்த பின் எஞ்சும் கீழ்ப்படையை வீசிவிடாமல் அமிலமாக்கி, மீண்டும் எக்சேனால் பிரித்தெடுத்து, மென்மையான நிபந்தனையில் மெதைலேற்றிப் பாருங்கள். அதில் கொழுப்பமிலம் தெரிந்தால் காணாமற்போனது எங்கே போனது என்பது தெளிவாகும்.

பொரளை நுண்ணுயிரியல் எழுதியது:

இரசாயனவியலாளர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆயினும் எசுத்தராக்கலுக்கு வருமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பெரிய 18:1 யாருடையது?

டி மான், ரொகோசா, சார்ப் ஆகியோர் 1960இல் வெளியிட்ட எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 1 கிராம் ட்வீன் 80 இருக்கிறது. ட்வீன் 80 என்பது ஒலெயிக் அமிலத்தின் எசுத்தர். லக்டோபசிலஸ் அந்த ஒலெயிக் அமிலத்தை உள்ளெடுத்துத் தன் மென்சவ்வில் கட்டிக்கொள்ளும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம்: கலங்களை நன்றாகக் கழுவாவிட்டால் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ட்வீனே உங்கள் குழாய்க்குள் எசுத்தர்மாற்றம் அடைந்து, மெதைல் ஒலெயேற்றாக வரைபில் நிற்கும். அந்த உச்சி பற்றீரியாவினுள் ஒருபோதும் இருந்ததில்லை. இதைப் பிரித்தறியாமல் எந்த மெதைலேற்றம் சிறந்தது என்று விவாதிப்பது பயனற்றது என்பதே என் உறுதியான கருத்து.

இன்னும் ஒன்று. லக்டோபசிலஸ் தானாக உண்டாக்கும் 18:1 ஒலெயிக் அமிலம் அன்று. அது சிசு-வக்செனிக் அமிலம்; இரட்டைப் பிணைப்பு 11ஆம் காபனில் தொடங்குகிறது. பற்றீரியா அந்தப் பிணைப்பின் மீது எஸ்-அடினோசில் மெதியோனினிலிருந்து ஒரு காபனைச் சேர்த்து வளையமாக்கும்போது லக்டோபசிலிக் அமிலம் உண்டாகிறது. 1950இல் கோப்மனும் லூக்கசும் இதை முதன்முதலில் அறிவித்தபோது பயன்படுத்திய பற்றீரியாவின் பெயராலேயே அந்த அமிலம் அழைக்கப்படுகிறது. ட்வீனிலிருந்து வந்த ஒலெயிக் அமிலத்தில் இதே நொதியம் வேலை செய்தால் உண்டாவது ஈரைதரோ-இசுற்றெர்க்குலிக் அமிலம்: அதே 19 காபன்கள், அதே திணிவு, வளையம் மட்டும் 9ஆம், 10ஆம் காபன்களில். முனைவற்ற கொலத்தில் (கருவியின் பகுப்புக் குழாயில்) இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவரும். ஆகவே உங்கள் '19:0 சைக்குளோ' என்ற ஒற்றை உச்சிக்குள் இரண்டு வேறுவேறு வரலாறுகள் ஒளிந்திருக்கலாம்.

வளர்ப்பின் வயதையும் எழுதிவையுங்கள். கலங்கள் பெருகும் நிலையிலிருந்து நிலைத்த நிலைக்குச் செல்லும்போது 18:1 குறைந்து வளைய அமிலம் கூடுகிறது. 'ஓர் இரவு' என்பது அளவீடு அன்று. கல அடர்த்தியைக் காட்டும் ஒளியடர்த்தியும் மணிக்கணக்கும் வேண்டும்.

எண்ணெய் ஆய்வுகூடம் எழுதியது:

நான் தேங்காயெண்ணெய் பகுக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மெதனோலில் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, எக்சேன், ஒரு குலுக்கல், சில நிமிடங்கள்: எங்கள் எண்ணெய்க்கு அவ்வளவே போதும். பற்றீரியாவுக்கும் உலர்ந்த கலத்தை நேரடியாகக் குழாயில் போட்டு மெதைலேற்றினால் போதாதா? குளோரோபோமும் மெதனோலும் கொண்டு முதலில் இலிப்பிட்டைப் பிரித்தெடுக்கும் வேலை நேரத்தையும் கரைப்பானையும் தின்கிறது. குளோரோபோமைக் கையாள்வது உடலுக்கும் நல்லதன்று.

வெள்ளவத்தை இரசாயனவியலாளர் எழுதியது:

நேரடி முறையை நான் மறுக்கவில்லை. 1980களில் லெபாசும் ரோயும் அதை உயிரியல் மாதிரிகளுக்கு நன்றாக நிறுவினார்கள். மொத்தக் கொழுப்பமிலம் மட்டும் வேண்டுமானால் அது போதும். ஆனால் எண்ணெய் தூய மூன்றுகிளிசரைட்டு, கலம் அப்படியன்று. கிராம் நேர்ப் பற்றீரியாவின் தடித்த சுவருக்குள் மென்சவ்வு இருக்கிறது, அதனுடன் புரதமும் நீரும் சேர்ந்திருக்கின்றன. மெதொட்சைட்டை ஈரக் கலத்தின் மீது ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை மேலே சொன்னேன்.

தங்கைக்கு இங்கே பிளை, டையர் முறையையே பரிந்துரைப்பேன். 1959இல் கனடாவில் மீன் தசைக்காக அமைத்த முறை அது. அதன் உயிர் கரைப்பான் விகிதத்தில் இருக்கிறது: முதலில் குளோரோபோம் 1, மெதனோல் 2, நீர் 0.8; இவை சேர்ந்து ஒரே படையாக நிற்கவேண்டும். பின்னர் குளோரோபோம் 1, நீர் 1 சேர்த்தால் இரண்டு படைகளாகப் பிரியும், இலிப்பிட்டு கீழ்ப்படையில் தங்கும். அந்த 0.8இல் கலத்தினுள் உள்ள நீரும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரக் கலத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரியாமல் மேலும் நீர் ஊற்றினால், முதற்கட்டத்திலேயே படைகள் பிரிந்து, பொசுபோலிப்பிட்டின் ஒரு பகுதி கலத்துடனேயே தங்கிவிடும்.

பிரித்தெடுத்த இலிப்பிட்டைச் சிலிக்கா கொலத்தில் ஏற்றிக் குளோரோபோம், அசற்றோன், மெதனோல் என்று வரிசையாக ஓடவிட்டால், முறையே நடுநிலை இலிப்பிட்டு, கிளைக்கோலிப்பிட்டு, பொசுபோலிப்பிட்டு வெளிவரும். மென்சவ்வைப் பற்றிப் பேசுவதே உங்கள் நோக்கமானால், ட்வீனின் மிச்சத்தைப் பொசுபோலிப்பிட்டிலிருந்து பிரிப்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

தெமட்டகொடை மாணவி எழுதியது:

மிக்க நன்றி. நுண்ணுயிரியல் அக்காவின் கேள்வி எனக்கு முற்றிலும் புதியது. நான் பின்பற்றிய நடைமுறைக் குறிப்பில் கழுவுதல் ஒரே வரியில் இருந்தது, ட்வீன் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு விடயங்கள் கேட்கவேண்டும். வளையத்தையும் இரட்டைப் பிணைப்பையும் நிறப்பகுப்பு வரைபில் எப்படி உறுதியாகப் பிரித்தறிவது? எனது மேற்பார்வையாளர் இந்த இனங்களை அடையாளம் காணவும் கொழுப்பமில வரைபைப் பயன்படுத்தலாம் என்கிறார். அதற்கான நான்கு படி முறையை உங்களில் யாராவது செய்திருக்கிறீர்களா?

வெள்ளவத்தை இரசாயனவியலாளர் எழுதியது:

திணிவு நிறமாலைமானி இல்லாமல் முதலாவது கேள்விக்கு உறுதியான விடை கிடையாது. இருந்தாலும் அது மட்டும் போதாது, ஏனெனில் 19:0 சைக்குளோவின் மெதைல் எசுத்தருக்கும் 19:1இன் மெதைல் எசுத்தருக்கும் மூலக்கூற்று அயன் ஒன்றே, 310. நிறமாலையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

இருமெதைல் இருசல்பைட்டு முறையைச் செய்யுங்கள். எக்சேனில் உள்ள மெதைல் எசுத்தருடன் இருமெதைல் இருசல்பைட்டும் சிறிது அயடீனும் சேர்த்து மிதமான சூட்டில் இரவு முழுவதும் வைத்து, எஞ்சிய அயடீனைச் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலால் நீக்குங்கள். இரட்டைப் பிணைப்பின் இரு காபன்களிலும் மெதைல்தயோ கூட்டங்கள் வந்து அமரும். நிறமாலைமானியில் மூலக்கூறு அந்த இரு காபன்களுக்கு நடுவே உடையும், இரு துண்டுகளும் பிணைப்பு இருந்த இடத்தைக் காட்டும். 18:1க்கு மூலக்கூற்று அயன் 390. ஒலெயிக் என்றால் துண்டுகள் 217, 173. வக்செனிக் என்றால் 245, 145. எசுத்தர் பக்கத் துண்டு மெதனோலை இழந்து 185 அல்லது 213 ஆகவும் தோன்றும். சைக்குளோபுரோப்பேனோ இந்தத் தாக்கத்தில் சேராது. தாக்கத்திற்கு முன்னும் பின்னும் அதே தங்கல் நேரத்தில் நிற்கும். எனவே அசையாமல் நின்ற 310 வளையம், இடம் மாறியது இரட்டைப் பிணைப்பு. இந்தச் சோதனையின் அழகு எனக்கு ஒருபோதும் குறைந்ததில்லை.

பொரளை நுண்ணுயிரியல் எழுதியது:

நான்கு படி முறையை நான் செய்திருக்கிறேன். 1990இல் சாசர் எழுதிய நடைமுறையே அது, பின்னர் ஒரு வணிகக் கருவித்தொகுதியின் முதுகெலும்பாகியது. ஏறத்தாழ 40 மில்லிகிராம் கலத்தை 1 மில்லிலீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டு, மெதனோல், நீர் கலவையில் 100 பாகையில் மொத்தம் அரை மணி நேரம் சவர்க்காரமாக்க வேண்டும். முதல் 5 நிமிடம் முடிந்ததும் ஒரு தடவை வெளியே எடுத்துச் சுழற்றிக் கலக்கவேண்டும். பின்னர் 6 நோமல் ஐதரோகுளோரிக் அமிலமும் மெதனோலும் கலந்த 2 மில்லிலீற்றரைச் சேர்த்து 80 பாகையில் 10 நிமிடம் மட்டும் வைத்து, உடனே குளிரவிட வேண்டும். அடுத்து எக்சேனும் மெதைல் மூன்றாம்நிலைப் பியூற்றைல் ஈதரும் சமமாகக் கலந்த 1.25 மில்லிலீற்றரால் பிரித்தெடுத்து, மேற்படையை ஐதான சோடியம் ஐதரொட்சைட்டால் கழுவவேண்டும்.

இங்கே அமிலமும் இருக்கிறது, வெப்பமும் இருக்கிறது. ஆனால் வளையம் பெரும்பாலும் தப்புகிறது, ஏனெனில் அந்த 80 பாகையும் 10 நிமிடமும் கண்டிப்பானவை. நீர்த்தொட்டியின் அருகே நின்று நேரம் பார்க்கவேண்டிய படி இதுதான். குழாய்களைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் ஐதரொட்சி அமிலங்களும் வளைய அமிலங்களும் சிதையும். முன்னதாகச் சவர்க்காரமாக்கல் இருப்பதால் எசுத்தர், அமைட்டு, தனி அமிலம் என்ற வேறுபாடும் பெருமளவு மறைகிறது. மெதொட்சைட்டின் பலவீனத்துக்கு இதுவே மருந்து.

அடையாளம் காண்பது பற்றி உங்கள் மேற்பார்வையாளரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: தரவுத்தளத்துடன் ஒப்பிட வேண்டுமாயின் ஊடகமும் வெப்பநிலையும் வயதும் அந்தத் தரவுத்தளம் கட்டப்பட்டபோது இருந்தவையாகவே இருக்கவேண்டும். 1963இல் ஏபலும் அவரது கூட்டாளிகளும் நுண்ணுயிரை இந்தக் கருவியால் வகைப்படுத்தலாம் என்று காட்டியது பெரிய வாசலைத் திறந்தது. பசிலஸ் ஐசோ-15:0, அன்ரெயிசோ-15:0 என்று கிளைச்சங்கிலிகளால் தன்னை அறிவிக்கும். இவற்றின் சமவலுச் சங்கிலி நீளங்கள் (வரைபில் வெளிவரும் இடத்தை நேர்ச்சங்கிலி அமிலங்களுடன் ஒப்பிட்டுக் காட்டும் எண்கள்) ஏறத்தாழ 14.62, 14.71 என்று அருகருகே வரும். லக்டோபசிலஸ்களிலோ 16:0, 18:1, 19:0 சைக்குளோ என்ற சில அமிலங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. இனத்துக்கினம் பிரிப்பதற்கு இவை போதா. 2020இல் அந்தப் பேரினமே 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது மரபணுத்தொகுதியை வைத்துத்தான். பெயருக்கு மரபணு வரிசையைப் பாருங்கள், மென்சவ்வுக்குக் கொழுப்பமிலத்தைப் பாருங்கள்.

இரத்மலானை கருவிகள் எழுதியது:

நான் கருவிகளைப் பராமரிப்பவன், சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாத்திக்குக் குழாயில் குளோரோபோம் ஊற்றினால் பிளாத்திக்கை மென்மையாக்கும் தலேற்றுகள் கரைந்து வரும். திணிவு நிறமாலையில் 149 உயர்ந்து நிற்பதைப் பார்த்தால் அது பற்றீரியா அன்று. கண்ணாடிக் குழாயும் தெப்லோன் உட்புறமுள்ள மூடியும் மட்டுமே பயன்படுத்துங்கள். வெறுங்கையால் குழாயின் வாயைத் தொட்டால் 16:0, 18:0 இரண்டும் கூடும், சவர்க்காரத் தூளால் கழுவிச் சரியாக அலசாத கண்ணாடியிலும் அவ்வாறே. கலமே இல்லாத ஒரு குழாயை எல்லாப் படிகளினூடாகவும் கொண்டுசென்று வெற்றுச் சோதனையாக ஓட்டாத வரைபை நான் பார்ப்பதேயில்லை.

எண்ணெய் ஆய்வுகூடம் எழுதியது:

மாதிரியில் அளவறிந்து சேர்க்கும் ஒப்பீட்டு அமிலமான உள்நியமம் பற்றி யாரும் சொல்லவில்லை. நாங்கள் 19:0 அல்லது 17:0 சேர்ப்போம். மாணவி எதைச் சேர்க்கிறார்?

தெமட்டகொடை மாணவி எழுதியது:

19:0 தனி அமிலமாகச் சேர்த்தேன் ஐயா. இரண்டு முறைகளிலும் ஒரே அளவு.

வெள்ளவத்தை இரசாயனவியலாளர் எழுதியது:

இரண்டு காரணங்களுக்காக அதை மாற்றுங்கள். மெதொட்சைட்டு தனி அமிலத்தை மெதைலேற்றாது என்று முன்னரே சொன்னேன். அப்படியானால் இரண்டாம் முறையில் உங்கள் உள்நியமமே வரைபுக்கு வரவில்லை, அதை வைத்துக் கணித்த எதற்கும் பொருளில்லை. நியமத்தைப் பொசுபற்றிடைல்கோலின் வடிவிலோ மூன்றுகிளிசரைட்டு வடிவிலோ சேர்த்தால், கலத்தின் இலிப்பிட்டு அனுபவிக்கும் ஒவ்வொரு படியையும் அதுவும் அனுபவிக்கும். மற்றையது, 19:0 சைக்குளோவின் சமவலுச் சங்கிலி நீளம் ஏறத்தாழ 18.9, நேர்ச்சங்கிலி 19:0க்கு 19.0. வளைய உச்சி பெரிதாக இருக்கும் உங்கள் மாதிரியில் இரண்டும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். 13:0 அல்லது 23:0 எடுங்கள்.

பட்டியலில் மூல்வீதம் வேண்டும் என்றால், சுவாலைக் கண்டறிவான் காட்டும் பரப்பு ஏறத்தாழத் திணிவைப் பின்தொடர்கிறது என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு பரப்பையும் அந்தந்த எசுத்தரின் மூலர்த் திணிவால் வகுத்த பின்னரே சதவீதமாக்குங்கள்.

தெமட்டகொடை மாணவி எழுதியது:

இடைவெளிக்குப் பின் முடிவுகளுடன் வருகிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் திணிவு நிறமாலைமானி இல்லாததால் மாதிரிகளை வேறொரு நிறுவனத்தில் ஓட்டவேண்டியிருந்தது.

கலங்களை உப்புக்கரைசலால் பலமுறை கழுவியதும் 18:1 கணிசமாகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. கலம் சேர்க்காத எம்.ஆர்.எஸ். ஊடகத்தையே குழாயிலிட்டு மெதைலேற்றியபோது 18:1 உச்சி தனியாக எழுந்து நின்றதைக் கண்ணால் கண்டேன். மெதொட்சைட்டுக் கீழ்ப்படையை அமிலமாக்கியபோது கொழுப்பமிலங்கள் வந்தன. ஐயா சந்தேகித்தது சரி. இப்போது பிளை, டையர் பிரித்தெடுப்பு, சிலிக்கா, புதிய போத்தல் மெதொட்சைட்டு, பொசுபற்றிடைல்கோலின் வடிவ 23:0 என்று நிலைப்படுத்தியிருக்கிறேன்.

ட்வீன் நீக்கிய எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் சில தனிப்பிரிப்புகள் நன்றாக வளர்ந்தன, சில தயங்கித் தயங்கி வளர்ந்தன. நன்றாக வளர்ந்த ஒன்றை இருமெதைல் இருசல்பைட்டு முறைக்கு அனுப்பினேன். ட்வீனுடன் வளர்த்த கலங்களில் 217, 173 வலுவாகவும் 245, 145 மெலிதாகவும் இருந்தன. ட்வீன் இல்லாத கலங்களில் 245, 145 மட்டுமே தெளிவாக இருந்தன. இரண்டிலும் 310 அசையாமல் நின்றது.

பொரளை நுண்ணுயிரியல் எழுதியது:

அருமை, தங்கச்சி. ஒரே பற்றீரியா இரண்டு ஊடகங்களில் இரண்டு மென்சவ்வுகளைக் கட்டுவதை நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். தயங்கி வளர்ந்தவற்றைக் கைவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் ஒலெயிக் அமிலத்தை அவை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதே ஒரு தகவல். வேண்டுமானால் ட்வீனுக்குப் பதிலாக நிறைவுற்ற அமிலத்தின் எசுத்தரான ட்வீன் 40 சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் 310 இன்னும் முழுமையாகத் தன்னைச் சொல்லவில்லை. அது வளையம் என்று தெரிகிறது, வளையம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ட்வீன் வளர்ப்பில் அது 9, 10இல் இருக்கும் என்று 18:1இன் துண்டுகளை வைத்து நாம் ஊகிக்கலாம், ஊகத்தைப் பட்டியலில் போடமுடியாது.

வெள்ளவத்தை இரசாயனவியலாளர் எழுதியது:

அதற்கு இரண்டு வழிகள். மெதைல் எசுத்தரைப் பிக்கோலினைல் எசுத்தராக மாற்றி ஓட்டினால், பிரிடீன் வளையம் ஏற்றத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால், சங்கிலி படிப்படியாக உடையும் வரிசையில் சைக்குளோபுரோப்பேனின் இடம் தெரியும். பழைய வழி, அசற்றிக் அமிலத்தில் பிளாற்றினம் ஒட்சைட்டை ஊக்கியாக வைத்து ஐதரசனேற்றி வளையத்தைத் திறப்பது; அப்போது மெதைல் கிளையுள்ள அமிலங்கள் உண்டாகும், கிளை இருக்கும் காபனை அவற்றின் நிறமாலை காட்டும். உங்கள் மாதிரி சிறிதானால் பிக்கோலினைல் வழியையே எடுங்கள்.

அதுவரை பட்டியலில் '19:0 சைக்குளோ, வளையத்தின் இடம் தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். தலைப்பிலேயே ஊடகம், ட்வீனின் அளவு, அறுவடை செய்த மணி, ஒளியடர்த்தி, மெதைலேற்ற முறை ஆகிய ஐந்தும் வரவேண்டும். எஞ்சிய மெதைல் எசுத்தரை எக்சேனில், நைதரசன் ஊதி, இறுக மூடிக் கழி 20 பாகையில் வையுங்கள். பிக்கோலினைலுக்கு அது தேவைப்படும்.

தெமட்டகொடை மாணவி எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. ட்வீன் 40 வளர்ப்பை இன்று தொடங்கிவிட்டேன். பிக்கோலினைல் நிறமாலை வந்ததும் இதே இழையில் பதிகிறேன்.